வேலிக்கு அந்தப் பக்கம்: யாழ்ப்பாணப் பயணக் குறிப்புகள்

ஜூலை 7, 2025, திங்கள் – காங்கேசன்துறை

நாகப்பட்டினத்தில் ஏறியதிலிருந்து கடல் சும்மா இருக்கவில்லை. கப்பலில் பாதிப் பேர் பையும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து இருக்கையில் இருந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் மடியிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்து நீட்டினார். "மணந்துகொண்டிருங்கோ பிள்ளை, கண்ணை மூடாதேங்கோ." கரை வரும்வரை அந்தப் பழத்தை நான் விடவில்லை.

இறங்கியதும் வெயிலும் காற்றும் சேர்ந்து அடித்தன. ஆடியில் வீசும் சோளகக் காற்றாம். புழுதி கண்ணுக்குள் வந்து விழுகிறது. ஆட்டோக்காரர் 3,500 ரூபாய் கேட்டார். நம்ம பணத்தில் ஆயிரம். சரி, பஸ்ஸில் போகலாம் என்று போனேன். நல்லதாகப் போயிற்று, ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது.

பார்த்துக்கொண்டே வந்தது எல்லாம் வீடுகள்தான். கூரை இல்லாத வீடுகள். தூணும் வாசற்படியும் இருக்கும், நடுவில் ஆலமரமோ வேம்போ முளைத்து நிற்கும். 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியபோது இந்தப் பக்கத்துச் சனம் எழுந்து ஓடியது. ராணுவம் உயர் பாதுகாப்பு வலயம் என்று வேலி போட்டது. கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார்கள், முழுக்க இன்னும் விடவில்லை. முப்பத்தைந்து வருஷமாக வேலிக்கு வெளியே நின்று சொந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தங்கியது கல்வியங்காட்டில், ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டு மாடியில். ஒரு நாளைக்கு 4,500 ரூபாய், காலைச் சாப்பாடு சேர்த்து. எல்லோரும் 'ரீச்சர்' என்கிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். என்னை விட ஏழெட்டு வயது மூத்தவர். இரவு இடியப்பமும் சொதியும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்தார். பணம் கேட்கவில்லை. "முதல்நாள் வந்தவையிட்டக் கணக்குப் பாக்கக் கூடாது தங்கச்சி."

ஜூலை 8, செவ்வாய் – திருநெல்வேலி

விடிந்ததும் திருநெல்வேலிச் சந்தை. நம்ம ஊர்த் திருநெல்வேலி இல்லை, யாழ்ப்பாணத்தில் இருப்பது. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கிலோ 450 ரூபாய் என்று சொன்ன அம்மா, ஒன்றை வெட்டிக் கையில் வைத்து, "திண்டு பாத்திட்டு வாங்குங்கோ" என்றார். தின்ற பிறகு வாங்காமல் வர முடியுமா?

சந்தையிலிருந்து பலாலி வீதியில் கொஞ்ச தூரம் நடந்தேன். 1983 ஜூலை 23 இரவு இந்த வீதியில்தான் விடுதலைப் புலிகள் கண்ணிவெடி வைத்து ராணுவ ரோந்தைத் தாக்கினார்கள். 13 சிப்பாய்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு கொழும்பில் நடந்தது தமிழ்நாட்டில் என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். தஞ்சாவூரில் எங்கள் பள்ளிக்கூடம் மூடி ஊர்வலம் போன வருஷம் அது.

ஆனால் திருநெல்வேலியில் என்ன நடந்தது? மறுநாள் சிப்பாய்கள் முகாமிலிருந்து வெளியே வந்து, வீதியில் நின்றவர்களையும் வீட்டுக்குள் இருந்தவர்களையும் சுட்டார்கள். சுமார் 50 பேர். ஊர்வலங்களில் எங்களுக்கு இதை யாரும் சொன்னதாக நினைவில்லை. தாக்கியவர்கள் இருட்டோடு போய்விட்டார்கள். அடி விழுந்தது விடிந்தபோது அங்கே இருந்தவர்கள் மேல். மறைந்து தாக்கும் போரின் கணக்கே இதுதான். போனவன் கிடைக்க மாட்டான், ஊர் கிடைக்கும். ராணுவம் அந்த ஊரை அடிக்கும். அடிபட்ட ஊரிலிருந்து இன்னும் பத்துப் பொடியள் இயக்கத்துக்குப் போவார்கள். கொன்றது சிப்பாய்கள், அந்தப் பழி அவர்களுடையது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தே குண்டு வைக்கப்பட்ட தெருவில் குடியிருந்தவர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்றும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

திரும்பும்போது ஏறிய ஆட்டோவின் பையன் 1994இல் பிறந்தவன். அண்ணன் முள்ளிவாய்க்காலில் இறந்துவிட்டான். ஒவ்வொரு நவம்பர் 27உம், மாவீரர் நாளில், விளக்கு ஏற்றுகிறானாம். அவன் இயக்கம் என்றால் புலிகள். "இயக்கம் இருக்கேக்க களவு இல்லை அம்மா. பொம்பிளைப் பிள்ளையள் இரவில தனியப் போகலாம். இப்ப வாள்வெட்டும் தூளும்தான்." அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதே பையன்தான், மருத்துவ பீடத்தைத் தாண்டும்போது நான் ராஜினி திராணகமவைப் பற்றிக் கேட்டதும் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். "அந்த டொக்டரோ? அம்மா சொல்லியிருக்கிறா." அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

ராஜினி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறையின் தலைவராக இருந்தவர். ஒரு காலத்தில் புலிகளுக்கு ஆதரவாக வேலை செய்தவர். அப்புறம் இலங்கை ராணுவம், இந்திய ராணுவம், இயக்கங்கள் என்று பாரபட்சமில்லாமல் எல்லோரும் செய்ததையும் எழுதத் தொடங்கினார். 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது சுட்டுக் கொன்றார்கள். வயது 35. இரண்டு பெண் குழந்தைகள். கொன்றது புலிகள் என்றே குடும்பத்தாரும் நண்பர்களும் சொல்கிறார்கள்.

ஜூலை 9, புதன் – நவாலி

காலையில் செருப்பு வார் அறுந்தது. தைத்துத் தந்த பெரியவர் 100 ரூபாய் வாங்கிக்கொண்டு, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். நவாலி என்றேன். "ஓம், இண்டைக்கெல்லோ" என்றார்.

1995 ஜூலை 9. ராணுவம் அன்றைக்குத்தான் வலிகாமத்துக்குள் பெரிய நடவடிக்கை ஒன்றைத் தொடங்கியிருந்தது. ஷெல்லுக்குத் தப்பிய சனம் புனித பேதுருவானவர் ஆலயத்திலும் சுற்றியும் வந்து இருந்தது. விமானம் குண்டு போட்டது. 120க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். முப்பதாவது ஆண்டு என்பதால் ஆலயத்தில் நல்ல கூட்டம். நான் கடைசி வரிசையில் நின்றேன். பூசை முடிந்ததும் யாரோ ஒரு பெண் என் கையில் மெழுகுதிரியைத் தந்து, "நீங்களும் ஏத்துங்கோ" என்றார். யார், எந்த மதம் என்று கேட்கவில்லை.

வெளியே பாணும் பழமும் பிளேன்ரீயும் கொடுத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அன்றைக்குத் தண்ணீர்க் குடத்தோடு வீதிக்கு வந்ததால் பிழைத்தவர். அவர் குண்டைப் பற்றி அதிகம் பேசவில்லை. அதற்குப் பிந்திய அக்டோபர் 30ஐப் பற்றித்தான் பேசினார். ராணுவம் நகரை நெருங்கியது, இயக்கம் ஒலிபெருக்கியில் எல்லோரையும் கிளம்பச் சொன்னது. ஒரே இரவில் லட்சக்கணக்கான சனம் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. மழை. பாதையில் கால் வைக்க இடமில்லை. "செத்த சனத்துக்கு அழுதும் முடியேல்ல, அதுக்குள்ள இது" என்றார்.

ஜூலை 10, வியாழன் – ஆஸ்பத்திரி

போயா தினம், பௌர்ணமிக்கு வரும் பௌத்த விடுமுறை. வங்கி இல்லை, பணம் மாற்றும் கடைகளும் பூட்டு. நம்ம ரூபாயை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. சாப்பாட்டுக் கடைக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்குத் தாங்கோ" என்று 400 ரூபாய்ச் சோற்றைப் போட்டார். மரக்கறி மட்டும்தான், ஆனால் பருப்பும் முருங்கைக்காய்க் கறியும் இரண்டு பேருக்குக் காணும்.

கோட்டைப் பக்கம் நடந்தபோது தைத்த செருப்பு மறுபடி அறுந்து, கண்ணாடித் துண்டு காலில் ஏறியது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குத்தான் போனேன். கட்டுப் போட்டு ஊசி போட்டார்கள். எந்த ஊர் என்று கேட்ட வயதான சிற்றூழியரிடம் தஞ்சாவூர் என்றேன். பெரிய கோயிலைப் பற்றி ஆசையாக விசாரித்தார். 1987இல் இங்கே இருந்தீர்களா என்று நான்தான் கேட்டேன்.

கொஞ்ச நேரம் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருசம்" என்றார்.

1987 அக்டோபர் 21, தீபாவளி. இந்திய அமைதிப்படை நகருக்குள் வந்துகொண்டிருந்தது. புலிகள் ஆஸ்பத்திரி வளவுக்குள் ஆயுதத்தோடு வந்ததும், டாக்டர்கள் அவர்களைப் போகச் சொல்லிக் கெஞ்சியதும் பதிவில் இருக்கிறது. அவர்கள் போனார்கள். மாலையில் இந்தியச் சிப்பாய்கள் உள்ளே வந்து, நோயாளி, தாதி, டாக்டர் என்று பாராமல் சுட்டார்கள். செத்தவர்கள் அறுபதுக்கும் மேல். மறுநாள் காலை குழந்தை மருத்துவ நிபுணர் சிவபாதசுந்தரம், தாதிகளோடு கையை உயர்த்திக்கொண்டு, சரணடைகிறோம் என்று சொல்லியபடி நடந்து வந்தார். அவரையும் சுட்டார்கள்.

பெரியவர் சொன்னது இதில் கால்வாசிதான். செத்தவர்களோடு செத்தவராக ஓர் இரவு முழுக்கக் கிடந்தாராம். எக்ஸ்ரே அறைப் பக்கம் யாரோ தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எழுந்தால் சுடுவார்கள், போக முடியவில்லை. அவர் குரல் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் தடுமாறியது. அப்புறம் கட்டை இன்னொரு தடவை பார்த்து, "நாளைக்கு நனைக்காதேங்கோ" என்றார்.

ஒவ்வொரு வருஷமும் அதே நாளில் இறந்த ஊழியர்களின் படங்களை வைத்து விளக்கேற்றுகிறார்கள். இந்தியா இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும். இதை என் நாட்டில் உட்கார்ந்து நான் எழுதியே ஆக வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி – சோனகத்தெரு

முஸ்லிம்கள் வாழும் பகுதி, ஜும்மா முடியட்டும் என்று இரண்டு மணிக்குப் பிறகு போனேன். கால் விண்விண் என்றது. ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கத்துச் சந்துகளில் சில வீடுகள் புதிதாகப் பெயின்ட் அடித்து நிற்கின்றன, பக்கத்திலேயே சுவர் மட்டும் நிற்கும் வளவுகள். ஒரு தையல்கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "வெயிலுக்க நிக்காதேங்கோ அக்கா, உள்ளுக்க வாங்கோ" என்று ஸ்டூலைத் தூக்கிப் போட்டார் கடைக்காரர். இஞ்சி போட்ட பிளேன்ரீ வந்தது. காசு வாங்க மறுத்துவிட்டார்.

அவருக்கு அப்போது பதினேழு வயது. 1990 அக்டோபர் 30. காலையில் இயக்கத்தின் ஒலிபெருக்கி, முஸ்லிம்கள் எல்லோரும் மைதானத்துக்கு வர வேண்டும் என்று அறிவித்தது. போனார்கள். இரண்டு மணி நேரத்தில் யாழ்ப்பாணத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்று சொல்லப்பட்டது. ஆளுக்கு 150 ரூபாயும் மாற்றுடுப்பும் கொண்டுபோகலாம். நகை, வீட்டு உறுதி எதுவும் எடுக்கக் கூடாது. வடக்கு முழுவதுமாக அந்த அக்டோபரில் துரத்தப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர்.

"ஐந்துசந்தியில வரிசையா நிப்பாட்டிச் சோதிச்சவை. ராத்தாவின்ட தோட்டுச் சுரை இறுகிப்போய்க் கழறேல்ல. அவவுக்குக் கலியாணமாகி மூண்டு மாசம். சோதிச்சதும் ஒரு பொம்பிளைப் பிள்ளைதான், பதினெட்டு வயசு இருக்கும், ராத்தாவோட படிச்சிருக்கவும் கூடும். அது கொஞ்ச நேரம் திருகிப் பாத்திச்சு. பிறகு எச்சிலத் தொட்டு வச்சுத் திருகிச்சு. ராத்தா அழேல்ல. காது வீங்கி ரத்தம் வந்திட்டுது. அந்தப் பிள்ளை மெல்லமா 'நோகுதோ' எண்டு கேட்டது. கேட்டுக்கொண்டே கழட்டிச்சு அக்கா."

பேசிக்கொண்டே அவர் கத்தரிக்கோலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டுத் தமிழர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதார்களாம். ஒருவர் வீதியில் வந்து, இவர்கள் எங்கட சனம், விடுங்கோ என்று கேட்டு அடி வாங்கினாராம். "ஆனா பெரிய ஆக்கள் ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்ல. கேட்டிருந்தா அவையும் துரோகி." புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் பன்னிரண்டு வருஷம். வாப்பா அங்கேயே மௌத்தாகி அங்கேயே அடக்கம். 2002இல் பாதை திறந்த பிறகு இவர் முதலில் வந்து பார்த்தது வீட்டை இல்லை, பாட்டனார் அடங்கிய மையவாடியை. நாயுருவி இடுப்பு உயரத்துக்கு நின்றதாம்.

அதே 2002இல் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் சந்திப்பில், அது தவறு என்று புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் சொன்னார். தையல்காரர் அதை வானொலியில் கேட்டிருக்கிறார். "சொன்னது நல்லது. தோட்டைத் திருப்பித் தரேல்லைத்தானே" என்றார். ராத்தா புத்தளத்தை விட்டு வரவே இல்லை. இவர் பிள்ளைகளும் பாதி இங்கே, பாதி அங்கே.

தமிழ்நாட்டில் முப்பது வருஷமாக மேடை மேடையாக ஈழம் பேசியிருக்கிறோம். இந்த 1990 அக்டோபர் 30ஐப் பேசிய மேடைகளை விரல் விட்டு எண்ணலாம்.

ஜூலை 12, சனி – பொன்னாலை, கல்வியங்காடு

காலையில் காரைநகர் பஸ்ஸில் போய்ப் பொன்னாலையில் இறங்கினேன். வரதராஜப் பெருமாள் கோயில். 1975 ஜூலை 27 அன்று சாமி கும்பிட வந்த யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பாவை இங்கேதான் சுட்டார்கள். நகரத்து விளையாட்டரங்குக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். அந்த ஒரு கொலையோடு நிற்கவில்லை என்பதுதான் விஷயம். பத்து வருஷம் கழித்து 1985 ஜூனில் சென் ஜோன்ஸ் கல்லூரி அதிபர் ஆனந்தராஜன். அவர் செய்த குற்றம், ராணுவத்தோடு கிரிக்கெட் ஆட்டம் ஒழுங்கு செய்தது. துரோகி என்ற அட்டை கட்டிய உடல்கள் லைட் போஸ்ட்டில் இருந்த காலம். 1986இல் இயக்கமே இயக்கத்தைத் தின்றது, ரெலோ என்ற இன்னொரு தமிழ் இயக்கத்தைப் புலிகள் அழித்தார்கள்.

அந்தக் கதை நான் தங்கியிருந்த வீட்டிலேயே இருந்தது.

மாலையில் ரீச்சர் கூழ் காய்ச்சினார். ஒடியல் மா, நண்டு, இறால், மீன்தலை, பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளி. செத்தல் மிளகாயும் பழப்புளியும் அரைத்துக் கடைசியில் விட்டார். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா முருங்கையிலை ஒரு பிடியோடு வந்தார். உருவி அதையும் போட்டார்கள். பனையோலைப் பிளாவில் ஊற்றி மூன்று பேரும் முற்றத்தில் உட்கார்ந்து குடித்தோம். காரம் காதுவரை போயிற்று. அந்த அம்மா என் காலில் கட்டைப் பார்த்து, வீட்டுக்குப் போய் வேது பிடிக்கத் துணி கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு ரீச்சர் சொன்னார்.

"என்ர தம்பி ரெலோவில இருந்தவன். எண்பத்தாறு மே மாசம். கல்வியங்காட்டிலதான் அவையின்ட ஆக்கள் கன பேர். ரெண்டு நாளா வெடிச் சத்தம். அவன் பின்பக்கத்தால வேலி பாஞ்சு வந்தவன், சாரத்தோட. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினவன். இப்ப முருங்கையிலை தந்திட்டுப் போறா, அவவின்ட வீடு. பூட்டிப்போட்டு இருந்திட்டினம். லைற்றும் நூத்திட்டினம். பிறகு எங்கட வீட்டுக்குள்ள வந்தான். பின்னால பொடியள் வந்தாங்கள். அதில ஒருத்தன் தம்பியோட படிச்சவன், எங்கட அம்மாவின்ட கையால சாப்பிட்டவன். 'விசாரிச்சிட்டு விடுறம் அம்மா' எண்டுதான் சொன்னவன்."

உடல் கிடைக்கவில்லை. அதை விடவும் ரீச்சர் திரும்பத் திரும்பச் சொன்னது செத்தவீட்டைப் பற்றி. இந்த ஊரில் கல்யாணத்துக்குப் போகாவிட்டால் கோபிப்பார்கள், செத்தவீட்டுக்குப் போகாவிட்டால் பகை. "ஒருத்தரும் வரேல்ல தங்கச்சி. மாமாவை வரேல்ல. சித்தி வரேல்ல. வந்தா இயக்கம் பேர் எழுதும். எட்டுக்கும் நாங்கள் வீட்டு ஆக்கள்தான். அந்திரட்டிக்கு ஐயர் மாட்டன் எண்டிட்டார். அம்மா தானே தேவாரம் படிச்சு, தானே படைச்சா."

எனக்கு நேராகக் கேட்க வேண்டியிருந்தது. அடுத்த வீட்டோடு எப்படிப் பேசுகிறீர்கள்?

"ஏழு வருசம் கதைக்கேல்ல. தொண்ணூற்றைஞ்சு இடப்பெயர்வில கைதடிப் பள்ளிக்கூடத்தில ஒரே வகுப்பறை, அவைக்கும் எங்களுக்கும். நடுவில ஒரு வாங்குதான். அம்மாவுக்குக் காய்ச்சல். அவதான் சுடுதண்ணி வச்சுக் குடுத்தா. 'அண்டைக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் வீட்டில, அக்கா' எண்டு சொன்னா. அவ்வளவுதான் சொன்னா. என்ர வீட்டில ரெண்டு குமர் இருந்திருந்தா நானும் பூட்டியிருப்பன்."

எண்பத்தாறிலிருந்து தொண்ணூற்றைந்து வரை ஏழு வருஷமாகாதே என்று மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். கேட்கவில்லை. நடுவில் எப்போதோ ஒரு தலையசைப்பு நடந்திருக்கலாம், அதை அவர் தனக்குள் வைத்திருக்கலாம்.

ராணுவம் செய்ததற்கு இந்த ஊரில் சேர்ந்து அழ முடிகிறது. நவாலியில் நானே பார்த்தேன். செம்மணிச் சித்துப்பாத்தி மயானத்தில் மே மாதத்திலிருந்து எலும்புக்கூடுகளைத் தோண்டி எடுக்கிறார்கள், அதற்கும் சனம் சேர்ந்து போய் நிற்கிறது. கட்டாயம் நிற்க வேண்டும், குற்றவாளிகள் கூண்டில் ஏற வேண்டும். ரீச்சரின் தம்பிக்கு மட்டும் இன்றுவரை நாலு பேர் சேர்ந்து அழவில்லை. அவனைக் கொண்டுபோனவர்களின் தாய்களும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளும் பிற்பாடு செத்தார்கள். அந்தத் தாய்கள் வீட்டுச் சாவுகளுக்கு ரீச்சர் போயிருக்கிறார்.

ஜூலை 13, ஞாயிறு – காங்கேசன்துறை

காற்று பலம் என்று கப்பல் கிளம்ப மூன்று மணி நேரம் தாமதம். அறிவிப்பு எதுவும் இல்லை, பிள்ளைகளை வைத்திருந்தவர்கள் பாவம். வெளியே கடையில் 120 ரூபாய்க்குப் பால்தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது மயிலிட்டிக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அறுபது வயது இருக்கும். 1990இல் ஓடியவர். 2017இல் மயிலிட்டித் துறைமுகத்தை விட்டபோது திரும்பி வந்து கடன் வாங்கிப் படகு போட்டவர்.

தஞ்சாவூர், நாகப்பட்டினத்தில் சொந்தக்காரர்கள் என்றதும் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பேசவில்லை. "திங்கள், புதன், சனி உங்கட ரோலர் வரும். அந்த நாளில நாங்கள் வலை விடுறேல்ல. விட்டா விடியப் போய்ப் பாத்தா வலை இருக்காது. இழுவைமடி அடியோட வாரிக்கொண்டு போகுது, குஞ்சும் மிஞ்சாது. ஆமிக்குப் பயந்தம், நேவிக்குப் பயந்தம், இயக்கத்துக்கும் பயந்தம். இப்ப உங்களுக்கு."

நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். "தெரிஞ்ச ஆக்கள் இருந்தாச் சொல்லுங்கோ. மீனை வேண்டாம் எண்டு சொல்லேல்ல, மடியை விடச் சொல்லுங்கோ. இஞ்ச வந்து எங்களோட இருந்து கதைக்கச் சொல்லுங்கோ."

என் சித்தப்பா மகன் அக்கரைப்பேட்டையில் விசைப்படகுகளுக்கு ஐஸ் கொடுக்கிறான். கரை இறங்கியதும் போன் செய்தேன். முதலாளிகள் கேட்க மாட்டார்கள் அக்கா, கடன் கழுத்தில் இருக்கிறது என்றான். மயிலிட்டிக்காரரின் நம்பரை அவனுக்கு அனுப்பியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை நானும் அக்கரைப்பேட்டைக்குப் போகிறேன், அந்தப் படகுக்காரர்களிடம் நேரில் பேச.